இரும்பு வாங்குவதற்கு முன்: முகாம் ட்ரெய்லரைச் சொந்தமாகக் கட்டலாமா?

ஆஸ்திரேலியாவில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய குடும்பங்கள் இரண்டு மூன்று பயணங்களுக்குப் பிறகு ஒரே பேச்சுக்கு வந்து சேர்கின்றன. பிள்ளைகளின் கால்மாட்டில் அரிசி மூட்டை, கூரைமேல் கூடாரம், மடிமேல் தலையணை. மாலையில் எல்லாவற்றையும் இறக்கி, காலையில் மறுபடி ஏற்றிக் கட்ட வேண்டும். பின்னால் ஒரு ட்ரெய்லர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்ல, அதை நாமே கட்டிக்கொண்டால் என்ன என்று இன்னொருவர் கேட்பார்.

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். நம் பயணத்துக்கு ட்ரெய்லர் தேவையா என்பது ஒன்று. தேவையென்றால் அதை நாம்தான் கட்ட வேண்டுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் தெரியாமலே பலர் வெல்டிங் மெஷின் வாங்கிவிடுகிறார்கள். அப்படித் தொடங்கிய வேலைகள் பாதியில் நின்று, கராஜின் மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். உழைப்புக்கும் ஆசைக்கும் அங்கே குறைவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்காததுதான் குறை.

எந்தப் பாதை, எத்தனை இரவு

வரைபடத்தை விரித்து, அடுத்த ஐந்தாண்டுகளில் நீங்கள் போக விரும்பும் இடங்களைக் குறியுங்கள். எல்லாப் பாதையும் ட்ரெய்லரை ஏற்றுக்கொள்ளாது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியை ஊடறுத்துச் செல்லும் கிப் ரிவர் ரோடு ஏறத்தாழ 660 கிலோமீட்டர். தென் ஆஸ்திரேலியாவின் மாரீயிலிருந்து குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் வரை போகும் பேர்ட்ஸ்வில் டிராக் 517 கிலோமீட்டர். ஊட்னடாட்டா டிராக்கும் இதே வகைதான். வறண்ட பருவத்தில் உறுதியான ட்ரெய்லரோடு இந்த மூன்றிலும் தாராளமாகப் போகலாம். நீளமான மண்சாலை, அங்கங்கே ஆற்றுக் கடவைகள், இடையிடையே தங்குமிடங்கள் என்று ட்ரெய்லர் பயணத்துக்கே ஏற்ற தடங்கள் இவை.

அதே கிம்பர்லியில் பங்கிள் பங்கிள் மலைகள் இருக்கும் பர்னுலுலு தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டுமானால் விதி வேறு. நெடுஞ்சாலையிலிருந்து பூங்காவுக்குள் போகும் 53 கிலோமீட்டர் ஸ்பிரிங் கிரீக் தடத்தில் ஒற்றை அச்சுள்ள ஆஃப் ரோடு ட்ரெய்லர்களுக்கு மட்டுமே அனுமதி. கேரவன் போக முடியாது, இரட்டை அச்சு ட்ரெய்லரும் போக முடியாது. எத்தனை அச்சு என்பதைப் பட்டறையில் உட்கார்ந்து ஆசைக்கேற்பத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு தடமே போதும்.

மிட்செல் அருவிக்குப் போகிறவர்களில் பலர் ட்ரெய்லரை டிரைஸ்டேல் ரிவர் ஸ்டேஷனில் விட்டுவிட்டு, ஒரு சிறு கூடாரத்தோடு மட்டும் மேலே போகிறார்கள். சிம்சன் பாலைவனம் முற்றிலும் வேறு கதை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கிடும் அந்தப் பாதையில் ட்ரெய்லர் வேண்டாம் என்றுதான் அதிகாரிகளும் அனுபவசாலிகளும் சொல்கிறார்கள். மேட்டின் பாதியில் வண்டி நின்றுபோனால், ட்ரெய்லரோடு பின்னோக்கி இறங்குவது ஆபத்து. பின்னால் வருகிறவர்களுக்கும் நீங்கள் தோண்டிவிட்ட பள்ளம்தான் மிஞ்சும். கேனிங் ஸ்டாக் ரூட்டும் அப்படித்தான். விலூனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை சுமார் 1,850 கிலோமீட்டர் நீளும் அந்தத் தடத்தில் ட்ரெய்லர் பழுதாகி நின்றால், அதை மீட்டுக் கொண்டுவருவதைவிட அங்கேயே விட்டுவிடத்தான் மனம் சொல்லும். அப்படி விடுவது நிலத்துக்கும் அதன் பழங்குடி உரிமையாளர்களுக்கும் செய்யும் அநியாயம்.

உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் சிம்சன், கேனிங், விக்டோரியாவின் ஹை கன்ட்ரி மலைத்தடங்கள் என்று இருந்தால், இந்த அத்தியாயத்தை இத்துடன் மூடிவிட்டுக் கூரைக் கூடாரம் பற்றிய அத்தியாயத்துக்குப் போங்கள். நேரமும் பணமும் மிச்சம்.

அடுத்து, ஓர் இடத்தில் எத்தனை இரவு தங்குவீர்கள்? என் கணிப்பில் முடிவைத் தீர்மானிப்பது பாதையைவிட இதுதான். ஓர் ஆற்றங்கரையில் மூன்று நான்கு நாள் முகாமிட்டு, ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்குகளையும் அருவிகளையும் பார்த்துத் திரும்புகிற குடும்பத்துக்கு ட்ரெய்லர் பெரிய வரம். கூடாரம் விரித்தபடி இருக்கும், சமையலறை திறந்தபடி இருக்கும், வண்டி இலகுவாக ஓடும். தினமும் இடம் மாறுகிறவர்களுக்கு அதே ட்ரெய்லர் சுமை. குறுகிய தடத்தில் திருப்ப முடியாது, எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். விரித்து மடக்குகிற வேலை தினமும் காத்திருக்கும்.

எடைக் கணக்கு

ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இனி வருவதுதான் இந்த அத்தியாயத்தின் முக்கியமான பகுதி.

நால்வர் குடும்பத்துக்கான சிறிய ஒற்றை அச்சு ட்ரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். சேசிஸ், அச்சு, ஸ்பிரிங், மூன்று சக்கரங்கள் சேர்த்து 320 கிலோ. பெட்டிக்கூடும் கதவுகளும் 150. மேலே விரிக்கும் கூடாரமும் வெயில் மறைப்புப் பந்தலும் 100. பேட்டரியும் மின்சாமான்களும் 30. தண்ணீர் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. சாமான் நிறைந்த ஃபிரிட்ஜ் 50. அடுப்பு, கேஸ் சிலிண்டர், பாத்திரங்கள் 35. கருவிகளும் மீட்புச் சாமான்களும் 40. இரண்டு கேன் டீசல் 42. துணிமணி, படுக்கை, நாற்காலி, உலர் உணவு 120. கூட்டினால் 987 கிலோ வருகிறது. இதில் ஆடம்பரமான பொருள் ஒன்றுகூட இல்லை.

"சின்னதாக, பிரேக் இல்லாமல், எழுநூறு கிலோவுக்குள் முடித்துவிடலாம்" என்று தொடங்குகிறவர்களின் திட்டம் இந்தக் கூட்டலில்தான் உடைகிறது. ஆஸ்திரேலிய விதிப்படி, இழுக்கும்போது ட்ரெய்லரின் சக்கரங்கள்மேல் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். ட்ரெய்லர் வண்டியிலிருந்து அறுந்து பிரிந்தால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 100 கிலோ, வண்டியின் கொக்கியில் இறங்கும். மீதி 890 கிலோ சக்கரங்களில். எனவே பிரேக் போட்டே ஆக வேண்டும். மின்பிரேக் என்றால் ஓட்டுநர் பக்கத்தில் அதற்கான கன்ட்ரோலரும் பொருத்த வேண்டும்.

கொக்கியில் இறங்கும் அந்த 100 கிலோவைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது வண்டி சுமக்கும் எடை. வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். பின் அச்சுக்கு அது இன்னும் கூடுதலாக உறைக்கும். கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்து, முன் பின் அச்சுகளுக்கு இடையே 3.1 மீட்டர் இருந்தால், 100 கிலோ கொக்கியில் வைக்கும்போது பின் அச்சில் ஏறத்தாழ 139 கிலோ ஏறும். முன் அச்சில் 39 கிலோ குறையும். முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடிப்பும் பிரேக் பிடிப்பும் குறையும்.

அதற்காகக் கொக்கி எடையைக் குறைத்துவிடவும் கூடாது. பாரம் பின்பக்கம் சாய்ந்த ட்ரெய்லர் நெடுஞ்சாலை வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ வையுங்கள். தொட்டி காலியானாலும் சமநிலை பெரிதாக மாறக் கூடாது.

நம் வீடுகளுக்கென்று ஒரு வார்த்தை. தண்ணீர்க் கணக்கைப் பிறர் எழுதிய பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். ரொட்டியும் சுட்ட இறைச்சியும் சாப்பிடுகிறவர்களைவிடச் சோறும் சாம்பாரும் சமைத்து எவர்சில்வர் பாத்திரம் கழுவுகிறவர்களுக்குத் தண்ணீர் அதிகம் செலவாகும். குடிக்க, சமைக்க, கழுவ என ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால் நால்வருக்கு 100 லிட்டர் ஐந்தே நாள். பிரஷர் குக்கரைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ், தண்ணீர் இரண்டும் மிச்சமாகும்.

கடைசியாக, வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் சொல்லும் பல வண்டிகள், அவ்வளவு இழுக்கும்போது தாங்கள் ஏறக்குறைய காலியாக இருந்தால்தான் அந்த வரம்புக்குள் வரும். உங்கள் வண்டியின் கையேட்டைத் திறந்து, வண்டியின் மொத்த எடை, சேர்க்கை மொத்த எடை, பின் அச்சு வரம்பு, கொக்கி வரம்பு நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குடும்பம், எரிபொருள், புல்பார் எல்லாவற்றோடும் எடைமேடைக்குப் போய் வண்டியை நிறுத்துங்கள். அங்கே வரும் எண்ணைப் பார்த்த பிறகு ட்ரெய்லர் ஆசையை விட்டவர்கள் உண்டு. அதுவும் நல்ல முடிவுதான்.

சட்டம் எங்கே கைவைக்கும்

சாலை வாகனத் தரநிலைச் சட்டம் 2018, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ட்ரெய்லர்களும் அதற்குள் அடக்கம். அதற்கு முந்தைய புத்தகங்களில் உள்ள பதிவு நடைமுறையை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டில் கட்டிய ட்ரெய்லரைப் பதிவுசெய்ய என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் மாநிலப் பதிவு அலுவலகத்தில் எழுத்துமூலமாகப் பதில் வாங்கிய பிறகே இரும்புக் கடைக்குப் போங்கள். 4.5 டன்னுக்கு உட்பட்ட ட்ரெய்லர்களுக்கான கட்டுமான விதிகளை வாகனத் தரநிலைச் சுற்றறிக்கை எண் 1 ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறது. அகலம் 2.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. விளக்குகள், எதிரொளிப்பான்கள், பாதுகாப்புச் சங்கிலி, மண்காப்பு என்று எல்லாம் அதில் இருக்கிறது. வரைபடம் போடும்போதே அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் குழாய் வேலையையும் 240 வோல்ட் மின்வேலையையும் உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். 12 வோல்ட் வேலையை நீங்களே செய்யலாம். ஆனால் சரியான தடிமனுள்ள கம்பியும் பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸும் இல்லாமல் செய்யாதீர்கள். படுக்கைக்கு அடியில் தீப்பிடித்தால் தப்பிக்க நேரம் இருக்காது.

உங்கள் கை எவ்வளவு தாங்கும்

மண்சாலையில் சக்கரங்கள் துள்ளித் துள்ளித் தரையைத் தகரக்கூரை போல வரிவரியாக்கிவிடுகின்றன. கிப் ரிவர் ரோட்டில் இந்த வரிகள்மேல் நாள்கணக்கில் ஓடும் ட்ரெய்லரில் தளரக்கூடிய நட்டு எல்லாம் தளரும். உரசக்கூடிய ஒயர் எல்லாம் உரசித் தேயும். ஷாக் அப்சார்பர்கள் கை வைக்க முடியாத அளவு சூடேறும். ட்ரெய்லர் உடைவது பெரும்பாலும் ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்து அல்ல. இந்த ஓயாத அதிர்வில் இரும்பு களைத்துப்போய் உடைகிறது.

கொக்கியிலிருந்து பின்னோக்கி வரும் இழுவைச் சட்டக் குழாய் பெட்டியின் முன்விளிம்பைச் சந்திக்கும் இடம்தான் மிகுந்த அழுத்தம் வாங்கும் இடம். அங்கே குழாயின் அடிப்பக்கத்தில் குறுக்காக வெல்டு ஓட்டினால், விரிசல் அந்தக் கோட்டிலேயே தொடங்கும். முட்டுத்தகடு வைக்க வேண்டுமென்றால் அதன் முனையைச் சரிவாக வெட்டி, குழாயின் நீளவாக்கில் பற்றவையுங்கள். இந்தப் பத்தி உங்களுக்குப் புதிதாக இருந்தால் சேசிஸ் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. வெல்டிங் கற்றுக்கொள்ள ஸ்டாண்டும் மேசையும் செய்யுங்கள். எதிரே வரும் இன்னொரு குடும்பத்தின் உயிர் உங்கள் கொக்கி வெல்டில் இருக்கிறது.

சேசிஸைத் துத்தநாகக் குளியலுக்கு அனுப்புவதாக இருந்தால், மூடிய குழாய்கள் ஒவ்வொன்றிலும் காற்று வெளியேற முதலிலேயே துளை போடுங்கள். உருகிய துத்தநாகம் சுமார் 450 டிகிரியில் இருக்கும். அடைபட்ட காற்றோடு அதில் இறக்கிய குழாய் வெடிக்கும். துளை இல்லாத சேசிஸைத் தொழிற்சாலைகள் திருப்பி அனுப்பிவிடும்.

சஸ்பென்ஷனைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும். என் தேர்வு, முதன்முதலாகக் கட்டுகிறவருக்கு ஷாக் அப்சார்பரோடு கூடிய லீஃப் ஸ்பிரிங். தனித்தனியே ஏறி இறங்கும் டிரெய்லிங் ஆர்ம் வகை பயணத்தில் மென்மையானது. உள்ளிருக்கும் சாமான்களுக்கும் நல்லது. ஆனால் அதைப் பொருத்தும்போது இரு பக்கமும் மில்லிமீட்டர் பிசகினாலும் டயர் ஒருபக்கமாகத் தேயும். லீஃப் ஸ்பிரிங் உடைந்தால் தொலைதூரச் சிற்றூரின் பட்டறையிலும் ஏதாவது ஒன்று செய்து ஊர் சேர்த்துவிடுவார்கள். உபரியாக ஒரு பட்டையும் யு போல்ட்டுகளும் எடுத்துச் செல்லலாம்.

சக்கரத்தைப் பொறுத்தவரை கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. வண்டியில் இருக்கும் அதே ரிம், அதே டயர், அதே போல்ட் இடைவெளி, முடிந்தால் அதே தட அகலம். இரண்டு உபரிச் சக்கரங்கள் அப்போது ஆறு சக்கரங்களுக்கும் உதவும். மணலில் வண்டிச் சக்கரம் போட்ட தடத்திலேயே ட்ரெய்லரும் வரும். புதுத்தடம் போட்டு இழுவையைக் கூட்டாது.

புழுதியை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஓடும் ட்ரெய்லரின் பின்பக்கம் காற்றழுத்தம் குறைவதால், கதவின் நூலிழை இடுக்கு வழியாகக்கூடத் தூசி உள்ளே இழுக்கப்படும். நல்ல ரப்பர் சீல், இறுக்கிப் பூட்டும் தாழ் இரண்டும் வேண்டும். முன்பக்கத்தில் உயரமாக, வடிகட்டியோடு ஒரு காற்று வாயில் வைத்து உள்ளழுத்தத்தைக் கூட்டினால் பெருமளவு தடுக்கலாம். கல் இன்னொரு தொல்லை. வண்டியின் பின்சக்கரம் எறியும் கல், ட்ரெய்லரின் தட்டையான முன்தகட்டில் பட்டுத் திரும்பி வண்டியின் பின்கண்ணாடியை உடைக்கும். முன்தகட்டைச் சாய்வாக வையுங்கள், அல்லது கல்லின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் தளர்வான வலைத்துணியைக் கட்டுங்கள்.

கட்டுவதா, வாங்குவதா, பாதி வழியா

பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் கட்ட நினைத்தால், வேண்டாம். அச்சு, பிரேக், ஆஃப் ரோடு கொக்கி, கூடாரம், பேட்டரி எல்லாவற்றையும் சில்லறை விலைக்குத்தான் வாங்கப்போகிறீர்கள். கருவிகளின் விலையும் சேரும். உங்கள் மாலைகளுக்கும் வார இறுதிகளுக்கும் ஒரு விலை உண்டு. கட்டிய ட்ரெய்லரை விற்கப் போனால், பெயர் பெற்ற தயாரிப்புக்குக் கிடைக்கும் விலை கிடைக்காது. காப்பீட்டு நிறுவனம் அதற்கு என்ன மதிப்புப் போடும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கட்டுவதற்கு நியாயமான காரணங்கள் வேறு. சந்தையில் கிடைப்பவை உங்கள் வண்டிக்கு அதிக எடையாக இருக்கலாம். உடல் இயலாத ஒருவர் ஏறி இறங்கத் தனி அமைப்பு தேவைப்படலாம். இரும்பை வெட்டிப் பொருத்தும் வேலையே உங்களுக்கு மகிழ்ச்சி தரலாம். கடைசிக் காரணத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். தகப்பனும் மகளும் ஒரு குளிர்காலம் முழுக்கச் சேர்ந்து உழைத்துச் செய்த பெட்டிக்கு எந்தக் கடையிலும் ஈடு இல்லை. எங்கே எது கழன்றாலும், எந்த ஒயர் எங்கே ஓடுகிறது என்று தெரிந்தவர் தார்ச்சாலை இல்லாத ஊரில் அஞ்சமாட்டார்.

இவற்றுக்கு நடுவே ஒரு வழி இருக்கிறது. பலருக்கும் நான் பரிந்துரைப்பது அதைத்தான். பதிவுக்குத் தகுதியான, அச்சும் பிரேக்கும் கொக்கியும் பொருத்திய வெறும் சேசிஸை அல்லது உறுதியான பெட்டி ட்ரெய்லரை வாங்கிவிடுங்கள். மேற்கூடு, சமையலறை, அலமாரி, மின்னமைப்பு இவற்றை நீங்கள் செய்யுங்கள். உயிருக்கு ஆபத்தான வெல்டும் பதிவுச் சிக்கலும் தயாரிப்பாளர் பொறுப்பில் போய்விடும். உங்கள் குடும்பத்தின் கையும் கற்பனையும் படவேண்டிய பகுதி உங்களிடமே இருக்கும். கூடு கட்டும்போது ஒவ்வொரு பலகையையும் எடைபோட்டு எழுதிவையுங்கள். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டின் முழுத்தாள் ஒன்றே ஏறத்தாழ 20 கிலோ. அலுமினியச் சட்டத்தில் 9 மில்லிமீட்டர் போதுமான இடத்தில் 12ஐப் போட்டுக்கொண்டே போனால், மிச்சம் பிடித்த எடையெல்லாம் மரத்திலேயே போய்விடும்.

ஒருமுறை இழுத்துப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு முகாம் ட்ரெய்லரை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். மண்சாலைக்கு அனுமதி உள்ளதா என்று வாடகை ஒப்பந்தத்தில் பாருங்கள், பலவற்றில் இருக்காது. வீட்டிலிருந்து ஒருநாள் தூரத்தில் மண்சாலையும் மணலும் உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

அந்த வாரத்தில் சில காரியங்களை வேண்டுமென்றே செய்யுங்கள். காலி மைதானத்தில் அரைமணி நேரம் பின்னோக்கி ஓட்டிப் பழகுங்கள். குட்டை ட்ரெய்லர் நெட்டையைவிட வேகமாக மடங்கும் என்பதைக் கை தானாகப் புரிந்துகொள்ளட்டும். சரளைச் சாலையில் டயர் காற்றை 36லிருந்து 27 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, வேகத்தையும் குறைத்து ஓட்டிப் பாருங்கள். இருட்டிய பிறகு, மழை தூறும்போது, பசித்த பிள்ளைகளோடு முகாமை விரித்துப் பாருங்கள். எரிபொருள் எவ்வளவு கூடுதலாகப் போனது என்று எழுதுங்கள். நடுவில் ஒரு நாள் ட்ரெய்லரை முகாமில் விட்டுவிட்டு வண்டியில் மட்டும் சுற்றிவிட்டு வாருங்கள். எந்த நாள் உங்களுக்கு அதிகம் பிடித்தது என்று வீட்டார் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். முகாமை விரிக்கிற வேலையில் பாதி துணைவியாரின் தலையிலோ மூத்த பிள்ளையின் தலையிலோ விழப்போகிறது என்றால் அவர்கள் சொல்லுக்குத்தான் கூடுதல் எடை.

வாடகை ட்ரெய்லரில் எந்த அலமாரியை ஒருமுறைகூடத் திறக்கவில்லை, எந்தப் பொருளுக்காக முழுப் பெட்டியையும் கிளற வேண்டியிருந்தது, அடுப்பு எந்த உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது என்றெல்லாம் குறிப்பெடுங்கள். கட்டுவது என்று முடிவானால் உங்கள் முதல் வரைபடம் அந்தக் குறிப்பிலிருந்துதான் வரும். அடுத்த அத்தியாயத்தில் அந்த வரைபடத்தைச் சேசிஸ் அளவுகளாக மாற்றுவோம். அதற்கு உங்கள் வண்டியின் கையேட்டிலிருந்து எழுதிய நான்கு எண்களும் எடைமேடை ரசீதும் கையில் இருக்க வேண்டும்.